பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, ஒரு ஃப்ரிட்ஜ்

மார்ச் 4

அன்புள்ள பாம்புக்காதுக்கு,

போனை எடுக்க மாட்டாய். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் பெண்டாட்டியிடம் கேட்டால், "அண்ணி, என்னை நடுவுல இழுக்காதீங்க, நான் இந்த வீட்டுல குடியிருக்கணும்" என்கிறாள். தபால்காரரையாவது திருப்பி அனுப்ப மாட்டாய் என்று நம்பிப் பேனாவைத் தூக்கியிருக்கிறேன். பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது, நாலு வரிக்கே விரல் வலிக்கிறது.

நடந்ததை நான் மழுப்பப் போவதில்லை. ஊருக்கு வந்த இடத்தில் உன்னைப் பார்க்கக் கடைக்கு வந்தேன். பல் டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் நீ இரண்டு ஸ்ட்ரீமர்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாய். இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிற பெட்டி, அவ்வளவுதான். பெரிய பெட்டிக்குச் சின்னதைப்போல இருபது மடங்கு விலை. போட்டது நான் பதிவு செய்த வயலின். என் கையிலேயே ரிமோட்டைக் கொடுத்து, "அக்கா, முதல்ல சின்னதுல போடு. நான் கையைக் காட்டினதும் பெரிசுக்கு மாத்து" என்றாய். நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் பெரியது, நீ கையைக் காட்டியதும் சின்னது. நீ கண்ணை மூடிக்கொண்டு, "பாத்தீங்களா, திரை விலகிடுச்சு. வயலின் எழுந்து நிக்குது" என்றாய். எழுந்து நின்றது சின்னப் பெட்டியில். அதை அங்கேயே, அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்தார். உன் மூஞ்சியில் ஈயாடவில்லை.

சொன்ன இடம் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி உங்கள் முதலாளி, வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கப் புதுக் கேட்பறை திறக்கிறார், அது உன் பொறுப்பில் வரப்போகிறது, வாசலில் இந்த இரண்டு பெட்டியையும் பற்றி ஒரு பலகை வைக்கிறார் என்று அம்மா சொன்னாள். "இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இருபது வருஷம் கேட்ட காது சொல்கிறது." கீழே உன் கையெழுத்தாம். டேய், அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல் பத்துத் தடவை கேட்டுப் பார். நான் ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவள். என் பெயர் போட்டு வந்த எதிலும் ஒரு பொய் இல்லை. என் தம்பி பெயர் போட்டு வருவதிலும் இருக்கக் கூடாது என்றுதான் இத்தனை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் அடுத்தவரை அவமானப்படுத்துகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

தாங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். நான் அதே கடையில் அதே முகத்தோடு மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. டிவி பிரிவில் இருக்கிறவன் ரிமோட்டை நீட்டி, "சார், இது எந்த டிவியோட ரிமோட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம்" என்கிறான். கேஷ் கவுண்டரில் இருக்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இந்தக் கடையில் பெட்டி தூக்கிப் போடுகிறவனாகச் சேர்ந்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேட்டுக் கேட்டு மேலே வந்தவன் நான். வாடிக்கையாளர்கள் முதலாளியைத் தேடி வருவதில்லை, என்னைத்தான் கேட்டு வருகிறார்கள். அந்த அறை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை.

தங்களுக்கு எப்போதும் நீதிபதி வேலைதான். சின்ன வயதில் மாம்பழத்தைப் பங்கு போட்டபோதும் கத்தி தங்கள் கையில்தான் இருந்தது.

அந்தத் திரை விலகுவதை நான் கேட்டேன். தாங்கள் எந்தப் பொத்தானை அமுக்கினீர்களோ எனக்குத் தெரியாது, நான் கேட்டது கேட்டதுதான். தங்கள் பரீட்சையை எழுதுகிறேன். தோற்றால் பலகையில் கையெழுத்துப் போட மாட்டேன், அறை போனாலும் சரி. ஜெயித்தால் தாங்கள் இங்கே வந்து, அதே பல் டாக்டர் முன்னால், "என் தம்பி காதை நான் சந்தேகப்பட்டது தப்பு" என்று சொல்ல வேண்டும்.

தங்கள் தம்பி

மார்ச் 16

அக்காவுக்கு,

பத்துக்குப் பத்து!

ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை, காலை பத்து மணி. உன் தம்பி பெண்டாட்டியை ரிமோட்டோடு திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அவள் காசைச் சுண்டினாள். தலை விழுந்தால் பெரியது, பூ விழுந்தால் சின்னது. காய்கறிப் பட்டியலின் பின்பக்கத்தில் அவள் ஒரு வரிசை எழுதினாள், என் நோட்டில் நான் ஒன்று எழுதினேன். போட்டது உன் வயலின்தான், அப்புறம் பாட்டைக் குறை சொல்ல உனக்கு இடம் இருக்கக் கூடாது பார். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். மூன்றாவது தடவைக்கு மேல் யோசிக்கவே இல்லை. பெரியது தொடங்கினாலே மார்பில் வந்து தட்டுகிறது. சின்னது தள்ளி நின்று பாடுகிறது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு எழுத்து மாறவில்லை. உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

எப்போது வருகிறாய்? பல் டாக்டருக்குப் புதன்கிழமை வசதிப்படுமாம். புடவை நல்லதாகக் கட்டிக்கொண்டு வா, எல்லோரும் பார்ப்பார்கள்.

பாம்புக்காது
(பட்டப்பெயரை இன்றைக்குப் பெருமையாகவே போட்டுக்கொள்கிறேன்)

மார்ச் 20

டேய்,

"தங்கள்" போய் "நீ" வந்துவிட்டதில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உன் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள். "பத்துக்குப் பத்தாம்! என் புள்ளை யாருன்னு நினைச்சே?" என்று என்னைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டினாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பத்துக்குப் பத்து என்பது ரொம்ப நல்ல மார்க். அவ்வளவு நல்ல மார்க்கைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். மார்பில் வந்து தட்டுகிறது, தள்ளி நின்று பாடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இரண்டு வரியில்தான் மாட்டிக்கொண்டாய்.

அன்றைக்குக் கடையில் நான் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றியபோது சத்தம் ஒரு நூல் இறங்கியது. என் கை பழக்கதோஷத்தில் வால்யூமை ஒரு நூல் ஏற்றிவிட்டது. அதற்கப்புறம்தான் நீ கண்ணை மூடினாய். சத்தம் கொஞ்சமே கூடினால் அது சத்தம் என்று காதுக்குப் படாது தம்பி. தெளிவு, அழுத்தம், கிட்டத்தில் நிற்பது, இப்படித்தான் படும். எனக்கும் அப்படித்தான், உலகத்தில் யாருக்கும் அப்படித்தான்.

ஒரே சீராக ஊதுகிற சோதனை ஒலி எந்தப் பாட்டுச் செயலியிலும் கிடைக்கும். அதை இரண்டு பெட்டியிலும் போடு. ஸ்பீக்கர் கம்பி சொருகுகிற இடத்தில் மீட்டரை வைத்து வோல்ட் பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் புதன்கிழமை பஸ் ஏறுகிறேன், பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் சமப்படுத்திவிட்டு மறுபடி பத்துத் தடவை கேள்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மீட்டர் வைத்தேன். பெரியதில் இரண்டு வோல்ட். சின்னதில் ஒன்றரை. மீட்டரில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதுசு போட்டேன். மறுபடி ஒன்றரை. சின்னப் பெட்டியின் செயலியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். "எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் ஒலிக்கச் செய்" என்று ஒரு வசதி இருக்கிறதே, அது போடப்பட்டிருந்தது. சத்தமான பாட்டையெல்லாம் அது இறக்கிவிடும்.

யார் போட்டது என்று கடையில் எல்லோரையும் கேட்க வாயெடுத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. நான்தான். ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்தது முனகுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் நானே, என் விரலால் போட்டேன். பெரியதில் போடவில்லை. அதை வாங்க வருகிறவர்கள் அந்தக் குறை சொன்னதில்லை. எட்டு மாதமாக என் கையாலேயே ஒருத்தன் வாயைப் பொத்திவிட்டு, அவனுக்குப் பாடத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை எடுத்துவிட்டேன், இரண்டையும் சமப்படுத்தினேன், மறுபடி ஞாயிறு காலை உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம் போதாது, ஐந்து நிமிஷம் கேட்கிறேன் என்றேன். பத்தில் ஐந்து. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க கண்ணை மூடிக்கிட்டு? நீங்களும் காசையே சுண்டியிருக்கலாமே" என்றாள். நான் வாசலில் போய் நின்றுவிட்டேன். பின்னாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா, எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். இருபது வருஷமாக அந்தக் காதை வைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை எழுதத்தான் மூன்று தடவை கிழித்தேன்.

நான் கடையில் பொய் சொல்லவில்லை. திரை விலகியது நிஜம். இந்தப் பத்துத் தடவையும் விலகியது. பெரிய பெட்டியிலும் விலகியது, சின்னதிலும் விலகியது, ஒரே இடத்தில். நாலாவது நிமிஷம், வயலின் மேலே ஏறி ஒரு சுரத்தில் நின்று இறங்குமே, அங்கே. நான் யாருக்குக் காட்டினாலும் சரியாக அந்த இடத்தில்தான் பெரிய பெட்டிக்கு மாற்றச் சொல்லிக் கையைக் காட்டுவேன், பாட்டு அங்கே அழகாக இருக்கும் என்று. விலகியது பெட்டியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் வயலினுக்கு அடியில் ஒரு ரீங்காரம் இருக்கிறது, ரொம்பச் சன்னமாக. ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி. அந்த இடத்துக்கு அப்புறம் இல்லை. ஃப்ரிட்ஜ் நிற்கும்போது ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றால் மேலே இருக்கிற டப்பா எல்லாம் ஆடும். இது நிற்கவில்லை அக்கா. இரண்டு சுரத்துக்கு நடுவில் காணாமல் போகிறது.

அந்த வயலின் சிடி உறையின் பின்பக்கம் நீ அச்சடித்திருப்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே மூச்சில் வாசித்தது." உன் பெயர் போட்டு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். அந்த ஃப்ரிட்ஜ் எங்கே போனது?

தம்பி

ஏப்ரல் 1

தம்பி,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. அம்மா, "என்னடி எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "கொஞ்சம் இரும்மா" என்று அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த மண்டபத்துக்குப் பின்னால் கேன்டீன். அங்கே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. வயலின்காரர் அந்த உருப்படியை முழுசாக இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை கடைசிப் பாதி அற்புதம். இரண்டாவது தடவை முதல் பாதி அற்புதம், ஆனால் அதற்குள் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்திருந்தது. நான் இரண்டையும் நாலாவது நிமிஷத்தில் ஒட்டினேன். ஒரு ராத்திரி, ஒரு பகல் உட்கார்ந்து ஒட்டினேன். அவரிடம் இரண்டாவது தடவை வாசித்ததையே அப்படியே போட்டேன் என்று சொன்னேன். அவருக்கே தெரியவில்லை. போகிற இடமெல்லாம் "ஒரே மூச்சில் வாசித்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உறையில் அந்த வரியை எழுதச் சொன்னதும் அவர்தான். நான் மறுக்கவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று. எத்தனையோ பேர் கேட்டார்கள், என் தொழிலில் இருப்பவர்களே கேட்டார்கள், ஒருத்தருக்கும் தட்டுப்படவில்லை. நான் அதில் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு முதல் கடிதத்தில், என் பெயர் போட்டதில் ஒரு பொய் இல்லை என்று எழுதியபோதும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை பார். அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன், எனக்கே மறைந்துவிட்டது.

நீ இதை வைத்துப் பல் டாக்டர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் உனக்கு அதைத்தான் செய்தேன். நீ கவர் ஒட்டி அனுப்பினாய். படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஒட்டைப் பிடித்த ஒரே ஆள் என் தம்பி.

முட்டாள், வாசலில் போய் நின்று அழுதாயாமே. இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றை நீ கேட்டாய், சின்னப் பெட்டியிலும் கேட்டாய். இருபது மடங்கு விலை உன் காதுக்குத்தான்டா.

நாளைக்குக் காலையில் வயலின்காரர் வீட்டுக்குப் போகிறேன். நேரில்தான் சொல்ல வேண்டும். 

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

நேற்று கேட்பறை திறந்தாயிற்று. நான் உள்ளே இல்லை.

போன வாரமே முதலாளியிடம் போனேன். மீட்டர், இரண்டு பட்டியல், எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். "சார், சத்தத்தைச் சமமா வெச்சா எனக்கு வித்தியாசம் கேக்கல. கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ எனக்கு வேலை பாக்குறியா, எதிர்க்கடைக்காரனுக்குப் பாக்குறியா?" என்றார். நான் சொன்னேன், "பெரிய பெட்டி அழகா இருக்கு, திரை பெரிசா இருக்கு, தொட்டா கனமா இருக்கு. அதைச் சொல்லியே விக்கலாம் சார். ஸ்பீக்கர்ல வித்தியாசம் இருக்கு, அது எத்தனை வேணும்னாலும் சொல்றேன். இதுல மட்டும் என் பேரு வேண்டாம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அறையை டிவி பிரிவுக்காரனிடம் கொடுத்துவிட்டு, என்னை வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் பொருத்துகிற வேலைக்கு மாற்றிவிட்டார்.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வெளியே வரும்போது நான் தலையைக் குனியவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

திறப்பு அன்றைக்குப் பலகையை அப்படியே வைத்திருந்தார், கையெழுத்து இடம் மட்டும் வெள்ளையாக. பல் டாக்டர் வந்திருந்தார். வரி வரியாகப் படித்துவிட்டு, "இருபது வருஷம் கேட்ட காதுன்னு போட்டிருக்கே, யாரோட காது?" என்று உரக்கக் கேட்டார். முதலாளி ஏசியைக் கூட்டச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஸ்க்ரூ டிரைவரோடு நின்றிருந்த என்னிடம் டாக்டர் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சின்னப் பெட்டியை வாங்கினார். "ஸ்பீக்கர் மாட்ட நீங்களே வாங்க, வேற யாரும் வேண்டாம்" என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். முதலாளி கேட்பறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலின்காரர் என்ன சொன்னார்? அடித்தாரா?

தம்பி

ஏப்ரல் 19

தம்பி,

அடித்திருந்தால் தேவலை. கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அரை மணி நேரம் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. எட்டாம் நாள் போன் வந்தது. "எந்த இடம்?" என்றார். சொன்னேன். "எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், எனக்குத் தெரியலையே. யாரு கண்டுபுடிச்சது?" என்றார். என் தம்பி என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு மிடுக்கு இருந்ததாம், உன் மாமா கேலி செய்கிறார்.

"அப்படின்னா மறுபடி வாசிக்கறேன். நிஜமாவே ஒரே மூச்சுல. உன் தம்பி சரின்னு சொன்னாத்தான் வெளியே போகணும்" என்றார் அவர். பழைய பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். "இதில் ஓர் ஒட்டு உண்டு, அதை மறைத்தது நான்" என்று என் பெயரில் அறிவிப்புப் போட்டாயிற்று. இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும்.

புதுப் பதிவைச் செய்தாயிற்று. கேன்டீன் ஃப்ரிட்ஜின் ப்ளக்கை நானே பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கூட அனுப்பியிருக்கிறேன், புது உறையின் மாதிரியையும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் பார். "கேட்டுச் சரிபார்த்தவர்" என்று போட்டு இடம் விட்டிருக்கிறேன். தயவு தாட்சண்யம் பார்க்காதே.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

சின்னப் பெட்டியில்தான் கேட்டேன். ஆறாவது நிமிஷத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. வயலின்காரர் தரையில் உட்கார்ந்துதான் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அது உன் நாற்காலி. உறையை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன். மறுபடி எடு. நீயும் தரையிலேயே உட்கார்ந்து எடு.

பாம்புக்காது

மே 8

அக்கா,

மறுபடி எடுத்த பதிவும் உறையும் நேற்று வந்தன. பல் டாக்டர் வீட்டில் ஸ்பீக்கர் பொருத்தி முடித்துவிட்டு அங்கேயே போட்டேன். டாக்டர், அவர் மனைவி, நான். கண்ணை மூடவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அறை, ஒரே காற்று, ஒரே ஆள். நாலாவது நிமிஷத்தில் எந்தத் திரையும் விலகவில்லை. வழக்கம்போலக் கையைத் தூக்கப் போனேன், வெறுமனே இறக்கிக்கொண்டேன். டாக்டர் மனைவி, "இதுல அக்கா பேரு எங்கே?" என்று கேட்டார். காட்டினேன்.

அப்புறம் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உறையை வைத்து, டாக்டரின் பேனாவை வாங்கி, பலகையில் போடாத கையெழுத்தை உன் பெயருக்குக் கீழே போட்டேன். முழுப் பெயர், நிறுத்தி நிதானமாக, எழுத்துத் தெளிவாக. மை காய்ந்துவிட்டது, இன்றைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.

உன் தம்பி